மிதித்தால்தான் மருந்து: மின்மிதிவண்டி உங்களுக்கு ஏற்றதா?

புறநோயாளிகள் பிரிவில் அண்மைக் காலமாக ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் எழுகிறது. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஆம்பூர்த் தோல் ஆலைத் தொழிலாளர் கேட்கிறார். முழங்கால் தேய்மானத்தால் கடைத்தெருவுக்குப் போவதையே நிறுத்திவிட்ட பேரணாம்பட்டு அம்மையார் கேட்கிறார். நீண்ட காலமாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டுவரும் காட்பாடி ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்கிறார். “டாக்டர், பையன் பேட்டரி சைக்கிள் வாங்கித் தரேன்னு சொல்றான். இந்த உடம்போடு நான் ஓட்டலாமா?”

பெரும்பாலோர் ஓட்டலாம் என்பதே என் விடை. ஆனால் அந்த விடைக்குள் இன்னும் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன: எந்த வகை வண்டி, எப்போது தொடங்குவது, எப்படி ஓட்டுவது. மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில் இம்மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சைக்கிளை மறந்த ஊர்கள்

ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய நம் ஊர்கள் பெரும்பாலும் சமதளத்தில் அமைந்தவை. மிதிவண்டிக்கு இதைவிட ஏற்ற நிலம் வேறில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு தோல் பதனிடும் ஆலைகளின் வாயில்களில் வேலை முடியும் நேரத்தில் வரிசையாக வெளிவந்தவை சைக்கிள்களே. இன்று அவ்விடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. காலணித் தொழிற்சாலைகளின் பெண் தொழிலாளர்களை நிறுவனப் பேருந்துகள் ஏற்றிச் செல்கின்றன. காலை முதல் மாலை வரை தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தோ, பதனிடும் களத்தில் நின்றோ வேலை செய்பவர்க்கு, வேலைக்குப் போய்வரும் பயணமே ஒரே உடற்பயிற்சியாக இருந்தது. அந்தப் பயணத்திலிருந்து உழைப்பு மறைந்துவிட்டது. இடுப்புவலியும், கால் நரம்புச் சுருளும், உடற்பருமனும் எஞ்சின.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு தெரிவித்தது. அவர்களுள் ஒவ்வொருவருக்கும் மாத்திரைச் சீட்டில் எழுதப்படாத ஒரு மருந்து தேவைப்படுகிறது. அதுதான் உடலியக்கம். “தினமும் அரைமணி நேரம் நடங்கள்” என்று நாங்கள் சொல்கிறோம். முழங்கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, அச்சமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிலருக்கு மின்மிதிவண்டி நிரப்பக்கூடும்.

வண்டி எவ்வாறு இயங்குகிறது?

மின்மிதிவண்டி என்பது சைக்கிளேதான். பெடல், சங்கிலி, பிரேக் எல்லாம் உண்டு. கூடுதலாக ஒரு சிறு மோட்டார், ஒரு பேட்டரி, மிதிப்பதைக் கண்டறியும் ஓர் உணரி, உதவியின் அளவைத் தெரிவுசெய்யும் பொத்தான்கள் ஆகியவை இருக்கும். நம் நாட்டில் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். விலை மிக்க சில வண்டிகளில் அது பெடல் அச்சுக்கு அருகே அமைந்திருக்கும்.

இந்த எண்ணம் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மிதிப்பவரின் விசைக்கேற்ப மோட்டார் துணைசெய்யும் வண்டியை ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதிக்கும் மனிதருக்குத் துணையாக மோட்டார் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அங்கிருந்து அது ஐரோப்பாவுக்கும் பரவி, முதியோரும் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் தாய்மாரும் நாடும் வண்டியாயிற்று. மின்வாகனம் நம் பகுதிக்கும் அயலானதன்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் ராணிப்பேட்டையிலேயே ஆம்பியர் மின்ஸ்கூட்டர்களைத் தயாரிக்கும் ஆலை தொடங்கப்பட்டது.

நோயாளிகள் அறிய வேண்டிய முதல் வேறுபாடு, வண்டி தரும் உதவியின் வகை. முதல் வகையில், நீங்கள் மிதிக்கும்போது மட்டும் மோட்டார் துணைசெய்யும். கால் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டாம் வகையில், மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல ஆக்சிலரேட்டரைத் திருகினால் போதும். கால்கள் சும்மா இருந்தாலும் வண்டி ஓடும். நம் கடைகளில் உள்ள பல வண்டிகளில் இரண்டு வசதிகளும் சேர்ந்தே வருகின்றன. முதல் வகை உங்கள் உடலுக்கு வேலை தருகிறது. இரண்டாவது உங்களைச் சுமந்து செல்கிறது. பயணத்துக்கு இரண்டும் பயன்படலாம். நோயைக் கட்டுப்படுத்த முதலாவது மட்டுமே பயன்படும்.

இரண்டாவது வேறுபாடு உணரியில் உள்ளது. விலை குறைந்த வண்டிகளின் உணரி, பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். நீங்கள் மெல்லச் சுற்றினாலும் அழுத்திச் சுற்றினாலும் ஒரே அளவு உதவி கிடைக்கும். மற்றொரு வகை உணரி, நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளந்து அதற்கேற்பத் துணைசெய்யும். இதயப் பயிற்சிக்கு இரண்டாவது வகை சிறந்தது. உங்கள் உழைப்பு ஒருபோதும் முற்றிலும் மறைந்துவிடாது. முழங்கால் மிகவும் வலுவிழந்தவருக்கு முதல் வகை இதமாக இருக்கும்.

உரிமம் வேண்டுமா?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டாரின் உதவி நின்றுவிடும் வகையிலும் உள்ள மிதிவண்டி, மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவு எண்ணோ ஓட்டுநர் உரிமமோ தேவையில்லை. தக்க பிரேக்குகளும், முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு எதிரொளிப்பான்களும் கட்டாயம் இருக்க வேண்டும். வேகத்தைக் கூட்ட மோட்டாரை மாற்றித் தருவதாகச் சொல்பவர்களை நாடாதீர்கள். அவ்வாறு மாற்றிய வண்டி இவ்விலக்கின் பாதுகாப்பை இழந்துவிடும், நீங்களும் இழப்பீர்கள்.

ஓட்டும் அனுபவம் எப்படி இருக்கும்?

நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கும் முன், வேலூர்க் கோட்டைப் பகுதியிலிருந்து காட்பாடி வரை இருவகை வண்டிகளிலும் சில வாரங்கள் ஓட்டிப் பார்த்தேன். பாலாற்றுப் பாலத்தையும் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தையும் கடக்கும் இவ்வழியில் சமதளம், எதிர்காற்று, ஏற்றம் மூன்றும் கிடைக்கின்றன.

முதல் சில மிதிகளிலேயே வேறுபாடு புலப்படும். சைக்கிள் கற்ற நாளில் பின்னால் ஓடிவந்து இருக்கையைப் பிடித்துத் தள்ளிய அண்ணனின் கை நினைவிருக்கிறதல்லவா? அதுபோன்ற ஓர் உந்துதல். நின்ற நிலையிலிருந்து புறப்படும் அந்த முதல் நொடிகளில்தான் முழங்காலுக்கும் இதயத்துக்கும் அதிகச் சுமை விழும். அச்சுமையை மோட்டார் பகிர்ந்துகொள்கிறது. பாலத்தின் மேல் எதிர்காற்று வீசும்போது சாதாரண சைக்கிளில் தலையைக் குனிந்து போராட வேண்டும். இங்கே உதவியை ஒரு படி கூட்டினால் அதே வேகத்தில் செல்லலாம். மேம்பால ஏற்றத்தில் இரண்டாம் படி உதவியுடன், பின்னால் வந்த நண்பரிடம் பேசிக்கொண்டே ஏற முடிந்தது. உதவியை அணைத்துவிட்டு ஏறியபோது பாதியிலேயே பேச்சு நின்றது. ஒரே ஏற்றம், ஒரே உடல். உழைப்பின் அளவை மட்டும் விரல்நுனியில் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. மருந்தின் அளவை மருத்துவர் படிப்படியாக மாற்றுவதுபோல உடற்பயிற்சியின் அளவையும் மாற்ற இவ்வண்டி இடந்தருகிறது.

சங்கடங்களும் உண்டு. பெடல் சுற்றுவதை மட்டும் பார்க்கும் உணரி உள்ள வண்டியில், மிதிக்கத் தொடங்கிய சற்று நேரம் கழித்தே உந்துதல் வரும். நிறுத்திய பின்னும் ஒரு கணம் தொடரும். நெரிசலில் திரும்பும்போது எதிர்பாராத அந்த உந்துதல் தடுமாறச் செய்யலாம். பிரேக்கைத் தொட்டதும் மோட்டாரைத் துண்டிக்கும் அமைப்பு இருந்தால் இவ்விடர் நீங்கும். வண்டியின் எடை 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். சாலையில் இது தெரியாது; வாசற்படியில் ஏற்றும்போதும், நிறுத்தும்போதும், பேட்டரி தீர்ந்து வெறுங்காலால் மிதிக்கும்போதும் நன்றாகத் தெரியும். ஒலி எழுப்பாமல் சற்று விரைவாக வருவதால், நடந்து செல்பவர்கள் நம்மைக் கவனிப்பதில்லை. மணியைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

மோட்டார் இருந்தால் உடற்பயிற்சி ஆகுமா?

இது நியாயமான ஐயம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 20 பேர் நான்கு வாரங்கள், வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் மிதித்தால் துணைசெய்யும் வகை வண்டியை ஓட்டினர். உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு உழைப்பு அதில் பதிவாயிற்று. இது மிதமான உடற்பயிற்சி என்ற வரையறைக்குள் அடங்கும். நான்கு வார முடிவில் அவர்களின் உடல்திறன் உயர்ந்தது. சர்க்கரைக் கரைசல் அருந்திய இரண்டு மணி நேரத்துக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரை அளவும் குறைந்தது. ஏழு ஐரோப்பிய நகரங்களில் நடந்து 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மின்மிதிவண்டி ஓட்டுவோரும் சாதாரண சைக்கிள் ஓட்டுவோரும் வாரமொன்றில் பெறும் மொத்த உடலியக்கம் ஏறத்தாழச் சமமாக இருந்தது. மின்மிதிவண்டி ஓட்டுவோர் கூடுதல் தொலைவு சென்றதே அதற்குக் காரணம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. நாள்தோறும் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் மிதித்தால் இவ்வளவு கிடைத்துவிடும். ஆக்சிலரேட்டரைத் திருகிச் சென்ற நிமிடங்களை இக்கணக்கில் சேர்க்கலாகாது. அதுபோலவே, அரைமணி நேரம் மிதித்ததற்குப் பரிசாக ஒரு தட்டு ஆம்பூர் பிரியாணி உண்டால் கணக்கு மீண்டும் தலைகீழாகிவிடும்.

உங்கள் நோய்க்கு ஏற்ற அறிவுரை

இதய நோயாளிகள்: ஆஞ்சியோபிளாஸ்டி அல்லது மாரடைப்புக்குப் பின் முதலில் நடைப்பயிற்சி, பிறகு மருத்துவரின் பரிசோதனை, அதன் பின்பே மிதிவண்டி. பைபாஸ் அறுவை செய்துகொண்டோர்க்கு மார்பெலும்பு இணைய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை சாலையில் ஓட்டுவதோ, 25 கிலோ வண்டியைத் தூக்குவதோ இழுப்பதோ கூடாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரை உட்கொள்வோர்க்கு நாடித்துடிப்பு உண்மையான உழைப்பைக் காட்டாது. எனவே கைக்கடிகாரத்தைவிட மூச்சையே நம்புங்கள்: ஓட்டும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் உழைப்பு சரியான அளவில் உள்ளது. பேசவே முடியவில்லை என்றால் உதவியைக் கூட்டுங்கள் அல்லது நிறுத்துங்கள். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டவர்கள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். வைக்க நேர்ந்தால் அமர்ந்துகொண்டு வையுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியோர்: ஓட்டும் நிலையில் மோட்டாரும் பேட்டரியும் நெஞ்சிலிருந்து போதிய தொலைவில் இருப்பதால் பொதுவாகத் தொல்லை நேர்வதில்லை. குனிந்து பழுதுபார்க்கும்போது மோட்டார், சார்ஜர் ஆகியவற்றின் அருகே நெஞ்சைக் கொண்டுசெல்ல வேண்டாம். வாங்கும் முன் கருவியைச் சோதிக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீரிழிவு நோயாளிகள்: இன்சுலின் போடுவோரும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்வோரும் வெறும் வயிற்றில் ஓட்டக் கூடாது. புறப்படும் முன் சர்க்கரை அளவு 100க்குக் கீழே இருந்தால் சிறிது உண்ட பின்பே செல்லுங்கள். பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், பார்வை மங்கல் தோன்றினால் உடனே ஓரமாக நிறுத்தி அதை உட்கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தோர்க்கு இவ்வண்டி ஒரு நன்மை செய்கிறது. நடையில் ஒவ்வோர் அடியிலும் உடலின் முழு எடை பாதத்தில் விழும். மிதிவண்டியில் பெரும்பகுதி இருக்கையில் அமர்ந்துவிடும். ஆயினும் வெறுங்காலுடனோ ரப்பர் ஸ்லிப்பருடனோ பெடலை மிதிக்கலாகாது. உணர்ச்சியிழந்த பாதங்களைக் காக்கும் மென்மையான எம்.சி.ஆர். காலணிகளுக்கு நம் வேலூருடன் நெடுங்காலத் தொடர்பு உண்டு. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தோரும் இங்கே மேற்கொண்ட பணியின் பயனை இன்று நீரிழிவு நோயாளிகளும் பெறுகின்றனர். அத்தகைய காலணி பின்வாருடன் இருக்கட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பாருங்கள். புண் ஆறாமல் இருக்கும்போது வண்டி வேண்டாம்.

முழங்கால் தேய்மானம் உள்ளோர்: இருக்கையின் உயரமே இங்கு முதன்மையானது. பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி வலி கூடும். அழுத்தி மெல்ல மிதிப்பதைவிட, உதவியைக் கூட்டி இலேசாக விரைந்து மிதிப்பது மூட்டுக்கு நல்லது. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டோர் அறுவை மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்பே சாலைக்கு வர வேண்டும்.

இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்வோர்: வார்ஃபரின் போன்ற மருந்து எடுத்துக்கொள்வோர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியில் காயம் தெரியாவிட்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். உள்ளே இரத்தக் கசிவு மெல்லத் தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே வெளிப்படக்கூடும். தலைக்கவசம் உங்களுக்கு விருப்பத்துக்கு உரியதன்று, இன்றியமையாதது.

காத்திருக்க வேண்டியோர்: அண்மையில் பக்கவாதம் வந்து சமநிலையோ ஒருபக்கப் பார்வையோ இன்னும் சீராகாதவர்கள், வலிப்பு கட்டுக்குள் வராதவர்கள், அடிக்கடி தலைசுற்றலோ மயக்கமோ வருபவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள், கண் அறுவை செய்து சில வாரங்களே ஆனவர்கள். இவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. இயன்முறை மருத்துவப் பிரிவில் உள்ள நிலையான மிதிவண்டியில் கால்களுக்குப் பயிற்சியைத் தொடங்கலாம். சாலைக்குரிய நாள் பிறகு வரும்.

முதல் ஆறு வாரங்கள்

முதல் இரண்டு வாரங்கள்: போக்குவரத்தில்லாத திடலில், துணைக்கு ஒருவருடன், வாரம் மூன்று நாள், பத்து நிமிடம். ஏறுதல், இறங்குதல், பிரேக் பிடித்தல் ஆகியவற்றைப் பழகுவதே நோக்கம். உதவி நடுத்தர அளவில் இருக்கட்டும்.

மூன்று, நான்காம் வாரங்கள்: வாரம் நான்கு நாள், இருபது நிமிடம், உள்தெருக்களில்.

ஐந்து, ஆறாம் வாரங்கள்: வாரம் ஐந்து நாள், முப்பது நிமிடம். இந்த நேரத்தை எளிதாகக் கடந்த பின்பே உதவியை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

நேரத்தைக் கூட்டும் வாரத்தில் உதவியைக் குறைக்காதீர்கள். ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே போதும். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள். நம் பகுதியில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்லும் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் கனரக வாகனங்களுக்கிடையே ஓட்டுவதை அறவே தவிர்க்கவும். சர்வீஸ் சாலையிலும் எதிர்த்திசையில் வண்டிகள் வருவதை எதிர்பார்த்தே செல்லுங்கள்.

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் வண்டியை நிறுத்தி அமருங்கள். 108 ஆம்புலன்சை அழையுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு வர முயலாதீர்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காலைத் தூக்கிப் போடத் தேவையில்லாத, குறுக்குத்தண்டு தாழ்ந்த வண்டியே முதியோர்க்கும் மூட்டு நோயாளிகளுக்கும் ஏற்றது. இருக்கையில் அமர்ந்தபடியே கால்கள் தரையைத் தொட வேண்டும். சமநிலை உறுதிப்பட்ட பின் இருக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். சங்கிலிக்கு முழு மூடியும், பின்சக்கரத்துக்கு வலைக் காப்பும் இருக்கட்டும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, புர்கா, வேட்டி எதுவும் சிக்கக் கூடாது. இரு சக்கரங்களிலும் நல்ல பிரேக், பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கும் வசதி, கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பேட்டரி, அகலமான டயர் ஆகியவை வேண்டும். பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுவது சற்று வேலை மிக்கது; உங்கள் தெருவில் உள்ள சைக்கிள் கடைக்காரரால் அதைக் கழற்றி மாட்ட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி ஒருமுறை முழுதாக ஏற ஏறத்தாழ 0.4 யூனிட் மின்சாரமே செலவாகும். மின்கட்டணம் ஒரு பொருட்டன்று. சில ஆண்டுகள் கழித்து மாற்ற வேண்டிய பேட்டரியின் விலையே பெரிய செலவு; அதைக் கேட்டறிந்த பின் முடிவெடுங்கள்.

வீட்டில் பேட்டரி

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். ஸ்கூட்டரின் பேட்டரி பெரியது. மிதிவண்டியின் பேட்டரி அதைவிடப் பன்மடங்கு சிறியது. ஆயினும் இரண்டிலும் உள்ளது ஒரே வகை லித்தியம் பேட்டரிதான். ஆகவே நோயாளி உள்ள வீட்டில் கீழ்க்காணும் ஒழுங்குகளைத் தவறாது பின்பற்றுங்கள்.

வண்டியுடன் வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள். அனைவரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் செய்யாதீர்கள். வாசல், மாடிப்படி ஆகிய வெளியேறும் வழிகளில் பேட்டரியை வைக்காதீர்கள். தீப்பற்றினால் அவ்வழியே அடைபடும். படுக்கையில் இருக்கும் நோயாளியின் அறையிலும், ஆக்சிஜன் உருளையோ ஆக்சிஜன் செறிவூட்டியோ உள்ள அறையிலும் ஒருபோதும் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் ஓட்டி வந்ததும் பேட்டரி ஆறிய பின்பே சார்ஜரில் மாட்டுங்கள். தகரக் கொட்டகையில் நண்பகல் வெப்பத்தில் விட்டுவைத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். கீழே விழுந்து நசுங்கிய, உப்பிய, வித்தியாசமான வாடை வீசும் பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் விற்பனையாளரிடம் ஒப்படையுங்கள்.

குடும்பத்தாருக்கு

“அப்பா கஷ்டப்படக் கூடாது, ஆக்சிலரேட்டர் உள்ளதாகவே வாங்கலாம்” என்று பிள்ளைகள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவ்வன்பை மதிக்கிறேன். ஆனால் அப்பாவின் இதயத்துக்குத் தேவைப்படுவது அளவான அந்தக் கஷ்டமே. அதை முற்றிலும் எடுத்துவிட்டால், அவர் வீட்டு நாற்காலியிலிருந்து எழுந்து சக்கரமுள்ள நாற்காலி ஒன்றில் அமர்ந்ததற்கு ஒப்பாகும். ஆக்சிலரேட்டர் உள்ள வண்டியே ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அவசரத்துக்கும் களைப்புக்கும் மட்டும் அதைப் பயன்படுத்துவது என்று உங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். நடுவழியில் முழங்கால் வலித்தால் வீடு திரும்ப ஒரு வழி உண்டு என்ற துணிவை அது தரும்.

முதல் சில நாட்கள் உடன் செல்லுங்கள். அவருடைய சட்டைப் பையில் பெயர், நோய், உட்கொள்ளும் மருந்துகள், உங்கள் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய அட்டை இருக்கட்டும். அம்மாவையும் மறந்துவிடாதீர்கள். தந்தைக்கு வண்டி வாங்கும் பல வீடுகளில் அதே நீரிழிவும் அதே முழங்கால் வலியும் உள்ள தாய்க்கு அந்த எண்ணமே எழுவதில்லை. அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்ற மகள்கள் நம் வீடுகளில் பலர் உள்ளனர். அம்மாவுக்கு அவர்களே நல்ல ஆசிரியர்கள்.

வண்டி வாங்குவதற்கு முன், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் மருந்துச் சீட்டையும் கடைசிப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்து வாருங்கள். எந்த அளவு உதவியில், எத்தனை நிமிடம் தொடங்கலாம் என்பதை இயன்முறை மருத்துவர் உங்கள் உடல்நிலையைச் சோதித்து எழுதித் தருவார். மாத்திரைச் சீட்டைப்போலவே அந்தத் தாளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆறு வாரங்கள் கழித்து எவ்வளவு முன்னேறியுள்ளீர்கள் என்பதை எங்களிடம் வந்து சொல்லுங்கள்.